ரோலர் ஓடிய குதிரைத் தளம்

வெள்ளி, இரவு.

ஞாயிறு நடக்கவிருக்கும் குதிரைத் தாண்டல் போட்டிக்குத் தளம் பாதுகாப்பானது என்று, குதிரையேற்ற மன்றத்தின் சட்ட ஆலோசகனாகிய நான் கையொப்பமிட வேண்டும். மாலையில் போய்ப் பார்த்தேன். என் செருப்புத் தடம்கூடப் பதியவில்லை.

குதிரைகளைப் பழக்கும் ஏழுமலை குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். "தாண்டி எறங்கும்போது மொத்த பாரமும் முன்னங்கால்லதான் சார் வுழும். தரை கொஞ்சம் வாங்கிக்கணும். இது வாங்காது. கால் நரம்பு போயிடும்."

தளம் போட்ட மந்தாரக்குப்பத்து ஒப்பந்தக்காரர் சிரித்தார். "ரோலர் மூணு வாட்டி ஓட்டியிருக்கன் சார். டிப்பர் லாரி ஏறினாலும் அமுங்காது! நீங்க எழுதிக் குடுத்ததுதானே?"

உண்மைதான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு லாரிகள் போகும் சாலைக்கு நான் எழுதிய ஒப்பந்தத்திலிருந்து, தரையை இறுக்கும் அந்த நிபந்தனையை ஒரு சொல்லும் மாற்றாமல் இதற்கும் எடுத்துப் போட்டேன். குதிரையை அறிந்த ஒருவரையும் கேட்கவில்லை. இந்த ஊரில் தரை என்றாலே இறுக வேண்டும் என்றுதான் நினைக்கிறோம்.

போட்டியைத் தள்ளிவைக்குமாறு மன்றச் செயலாளரிடம் சொன்னேன். "பயமா இருந்தா உங்க பொண்ண மட்டும் நிறுத்திக்குங்க சார்" என்றார். மற்றப் பிள்ளைகள்? அவர்கள் ஏறும் குதிரைகள்?

சற்றுமுன் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தளம் அமைப்பதில் பிழை நேர்ந்துள்ளது" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். "நிபந்தனையைப் பிழையாக எழுதியவன் நான். தளத்தைக் கிளறி மணல் நிரப்பும்வரை எந்தக் குதிரையும் இங்கே தாண்டக் கூடாது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விடிந்ததும் கொடுக்க வேண்டும்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. போட்டி உடையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவிட்டுத் தூங்குகிறாள்.