காலையில் முதல் நாலு அடி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், தம்பி சுகம், வலது குதிகாலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நானும் முழுச் சுகம். நீயும் அப்படியே, குதிகால் உட்படச் சுகமாக இருக்க வேண்டும். வழக்கமாக "அன்புள்ள நண்டுக்கு" என்றுதான் தொடங்குவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. காரணம் கேள். போன மாதம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டும் வேலை. ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவனுக்கு ஏறிப்போக லிஃப்ட் இல்லை. மோட்டார் அறை உச்சியில், டூல்ஸ் பெட்டி கையில், நாளுக்கு எட்டு நடை, மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. கூட வேலை செய்கிற இளவட்டங்களுக்கு நான் என்ன குறைச்சல் என்று ஒரு வீம்பு. நாலாவது வாரம் ஒரு நாள் காலையில் குதிகாலை ஊன்ற முடியாமல், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். எதிரே ஏறி வந்த மூன்றாம் மாடி டீச்சர் ஒதுங்கி நின்று, "என்ன மெக்கானிக் சார், எறங்குறீங்களா, செவுத்துக்கு பெயிண்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். கீழ்த்தளத்தில் புது லிஃப்டுக்கு வந்திருந்த கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு நண்டு இறங்கி வந்தது, என் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அம்மா என்னை ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் இழுத்துப் போனாள். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. காலைத் தொடுவதற்கு முன்பே, "எழுந்ததும் முதல் நாலு அடி உயிர் போகும், நடக்க நடக்க விட்டுடும், சரியா?" என்று கேட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இதையேதான் பத்தாம் வகுப்பில் நீ சொன்னாய். நீளம் தாண்டும் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது, வாழ்நாளில் ஒரு சாக்கடையைக்கூட ஒழுங்காகத் தாண்டாத நான்தான் உனக்குக் கோச். விசிலும் கையுமாக நம் ஆறு மாடிப் படியைத் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்க வைத்தேன். "முதல் நாலு அடிதாம்பா வலிக்குது" என்றாய். நாலு அடியில் ஓடிப்போகிற வலி என்ன வலி, நடிக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அதோடு விட்டேனா, லிஃப்ட் ரோப்பைத் துணியால் தடவி எங்கேயாவது கம்பி இழை மாட்டுகிறதா என்று பார்ப்பதுபோல உன் குதிகாலுக்கு மேலே தடவிப் பார்த்து, "ஒண்ணும் அறுபடல, ஓடு" என்றேன். நீ ஓடினாய். போட்டியில் முதல் தாண்டலிலேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய், ஷூவைப் பரணில் போட்டவள் பிறகு எடுக்கவே இல்லை. மாதக்கணக்கில் படியைப் பக்கவாட்டில் இறங்கினாய், அதற்கு நண்டு என்று பேர் வைத்துச் சிரித்ததும் நான்தான்.

குதிகாலுக்கு மேலே நான் நரம்பு என்று நினைத்தது நரம்பே இல்லையாம், தசைநாணாம், தசையை எலும்போடு கட்டி வைப்பதாம். "உங்க ரோப் மாதிரிதான், ஆனா இதுக்கு உயிர் இருக்கு" என்றாள் அந்த டாக்டர் பெண். ஒவ்வொரு தடவை பாரம் ஏற்றும்போதும் உள்ளே கொஞ்சம் உடையும், கொஞ்சம் கட்டும். முதல் ஒன்றரை நாள் உடைவதுதான் அதிகம், அதற்குப் பிறகுதான் கட்டுவது மிஞ்சும். அதற்குள் மறுபடி ஏற்றினால் உடைந்ததன் மேலேயே உடையும். தசை சில வாரத்தில் தேறிவிடும், நாண் மாதக்கணக்கில் ஆடி அசைந்துதான் வரும். அப்படியானால் படுத்துக்கொள்ளட்டுமா என்றேன் ஆசையாக. "படுத்தா அது உங்களவிட சோம்பேறியாயிடும்" என்றாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும், கூடவில்லை என்றால் தொடரலாம். முப்பது வருடம் பார்த்த ரோப் எல்லாம் தேயத்தான் தேயும், ஆறாது. ஆறுகிற கயிறு ஒன்று வீட்டிலேயே இருந்தது, அதற்கு ஒரு நாள் லீவு கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

அங்கே நீ மறுபடி ஓட ஆரம்பித்திருப்பதையும், குதிகால் பிடிக்கிறது, விட்டுவிடலாமா என்று யோசிப்பதையும் அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னாள், அவளைத் திட்டாதே. ஏன் மறைத்தாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. விட்டுவிடாதே மகளே, தினமும் மட்டும் ஓடாதே. நல்ல ஆளாகப் பார்த்துக் காலைக் காட்டு. அறுபடவில்லை, ஓடு என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு, அது நானாகவே இருந்தாலும்.

நினைத்த தூரம் ஓடி, நினைத்த இடத்தில் நின்று, நூறு வயது நன்றாக இரு. காலையில் முதல் நாலு அடி எப்படி இருந்தது என்று இனிமேல் எனக்கு எழுது. நம்புவேன்.

இப்படிக்கு,
பக்கவாட்டில் இறங்கும் உன் அப்பா.

உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே, "வீட்டுல வேற யாருக்காவது இந்த வலி இருந்திருக்கா?" என்று கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "யாருக்கும் இல்லம்மா" என்றேன். என் மகளுக்கு இருந்தது, அவள் சொன்னாள், நான்தான் நடிப்பு என்றேன் என்பது வாய்வரை வந்து நின்றுவிட்டது.