கடலில் கூடிய உப்பு

திங்கட்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் உன் பள்ளிக்கூட முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்துத் திகைக்காதே. ஈமெயில் அனுப்பினால் உன் வீட்டில் அதை யார் யார் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையலைக் கவனிப்பாய். காகிதம்தான் பத்திரம். படித்ததும் கைப்பையில் வை. சாப்பாட்டு மேஜையில் போட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரரின் மையம் தயாரித்த கடல் நீரோட்ட அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் இயக்குநர் அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்து, "அவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரராச்சே, சங்கடமா இருந்தா சொல்லுங்க" என்றார். உறவு உண்டு, ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை என்று எழுதியே கொடுத்தேன். குழுவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. "அப்ப உங்களைவிட நல்ல ஆள் கிடைக்காது" என்று இயக்குநர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வடக்கே போகும் பெரிய நீரோட்டம் இன்னும் நூறு வருஷத்துக்கு வலு குறையாது என்கிறது அறிக்கை. அது குறைந்தால் எங்கள் கரையில் கடல் மட்டம் ஏறும். துறைமுகச் சுவர்களை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்பதை இதை நம்பித்தான் முடிவு செய்யப் போகிறார்கள். உயர்த்த வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் சந்தோஷம். இத்தனை பேரைச் சந்தோஷப்படுத்தும் முடிவைக் கண்டால் எனக்கு உறுத்தும். இங்கே எனக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

நீ கணக்கு டீச்சர், உனக்குப் புரியும். கணினிக்குள் நாங்கள் ஓட்டும் கடலில் உப்பு இடம் மாறலாம், மொத்தம் மாறக் கூடாது. ஒவ்வொரு வருஷம் ஓடி முடிந்ததும் மொத்த உப்பு எவ்வளவு என்று கடைசிப் பக்கத்தில் ஓர் எண் வரும். அதை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் ஒரு வருஷம்கூடத் தவறாமல். யாரோ கடலில் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும். இந்த அறிக்கையைப் பற்றி அவர் வீட்டில் ஏதாவது பேசினாரா? அவருடைய துணை இயக்குநர், அந்த ஆமாஞ்சாமி, சமீபத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தாரா? அவருடைய பழைய மடிக்கணினி இன்னும் இருக்கிறதா? இயல்பாக விசாரி. நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் என் கருத்தை எழுதித் தர வேண்டும். இந்தப் பிழை தெரிந்தே செய்தது என்று எழுதினால் அவருடைய பதவி போய்விடும். உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

சனிக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்தது. "அண்ணா, நீ உப்பைத் தேடுறியா, இல்ல அவர்கிட்ட குத்தம் தேடுறியா? துப்பு சொல்றதுக்கு வேற ஆளைப் பாரு" என்று எழுதியிருக்கிறாய். அப்படிக் கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் மற்றக் கேள்விகளைத் தாண்டிப் போனவள், மடிக்கணினி கெட்டு நாலு வருஷமாகிறது என்பதை மட்டும் அக்கறையாகச் சொல்லியிருக்கிறாய். அதை உனக்கு யார் நினைவுபடுத்தியது? என் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை என்று நம்ப விரும்புகிறேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கணினிக் கடலில் தண்ணீரின் அளவு மாறாது. அதனால் ஆறு வந்து விழும் இடத்தில் தண்ணீரைக் கூட்ட மாட்டோம், அதற்கு ஈடாக உப்பைக் குறைப்போம். கிலோ தண்ணீருக்கு முப்பத்தைந்து கிராம் என்று எல்லா இடத்துக்கும் ஒரே அளவு. பெரிய ஆற்றின் முகத்தில் இருப்பதே நாலைந்து கிராம்தான். அதிலிருந்து அந்த அளவில் எடுத்துக்கொண்டே இருந்தால் உப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கீழே போனதும் கணினி மேற்கொண்டு ஓடாமல் நின்றுபோகும். அது நிற்காமல் இருக்க ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு.

பார்ப்பதற்கு அப்பாவியான வரி. ஆனால் கீழே போனதை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் இல்லாத உப்பு கொஞ்சம் பிறக்கிறது. அதை நீரோட்டம் வடக்கே கொண்டுபோகிறது. அங்கே தண்ணீர் கனத்து மூழ்குகிறது, மூழ்குவதால் நீரோட்டம் வலுவாக இருக்கிறது. அறிக்கை நமக்குத் தரும் நிம்மதி இதுதான்.

அந்த வரி உன் வீட்டுக்காரர் எங்கள் அலுவலகத்தில் இருந்தபோது எழுதியது; அவர் எழுதும் விதம் எனக்குத் தெரியும். நிரலில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதை ஏன் எழுதினோம் என்று குறிப்பு வைப்பது எங்கள் வழக்கம். எங்களுக்கு அனுப்பிய பிரதியில் ஒரு குறிப்புகூட இல்லை. சுத்தமாக வழித்து எடுத்திருக்கிறார்கள். ஆமாஞ்சாமியைக் கேட்டால், "வெளிய அனுப்பறப்ப எல்லாத்தையும் எடுத்துடுவோம் சார், அதான் நடைமுறை" என்கிறார். எந்த நடைமுறை, எப்போதிருந்து என்றால் அதையே திரும்பச் சொல்கிறார்.

நான் பழைய பகையைத் தீர்க்கிறேன் என்று நினைக்கிறாய். பகை இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த மையத்தின் இயக்குநர் பதவிக்கு நான் போன நேர்காணலுக்கு முந்தின நாள் மாலைகூட அவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். அதே பதவிக்குத் தானும் விண்ணப்பித்திருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வராந்தாவில் வரிசையில் நிற்கும்போதுதான் பார்த்தேன். உனக்கு அவரைப் பார்த்துக் கட்டிவைத்தவன் நான். என்னிடமே அப்படி மறைக்க முடிந்தவருக்கு ஒரு வரியை ஒளித்து வைப்பது பெரிய காரியமா?

அவர் இங்கே வேலை பார்த்த காலத்தின் பழைய பிரதி எங்கள் கணினி அறையில் டேப்பில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். பிள்ளைகளிடம் மாமா விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்

செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கைக்கு,

இதை அலுவலகத்திலிருந்தே எழுதுகிறேன். கூரியர்காரர் நாலு மணிக்கு வருவார். நாளைக்கே உனக்குக் கிடைத்துவிட வேண்டும்.

கணினி அறையைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் 'பூட்டு' என்போம். தண்ணீர் பாட்டிலைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர். என்னைக் கண்டதும், "யாரையாவது பிடிக்கணும்னாதான் சார் கீழ இறங்கி வருவீங்க. இன்னைக்கு யாரு?" என்றார். வேண்டிய டேப்பின் வருஷத்தை எழுதிக் கொடுத்தேன். டேப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொடுத்தார்.

குறிப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருக்கிறார், அந்தக் காலத்தில் நாங்கள் இருவரும் அப்படித்தான் எழுதுவோம். சொல்லுக்குச் சொல் உனக்குத் தருகிறேன்: "இது தற்காலிகம். சரியில்ல. உப்பு கூடும். ஆத்து முகத்துல என்ன பண்றதுன்னு மச்சானைக் கேக்கணும்."

முதலில் நான் நம்பவில்லை. நான் தோண்டுகிறேன் என்று தெரிந்து யாரோ பிறகு நுழைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வேறு கட்டிடத்தில் வைத்திருக்கும் இரண்டாவது டேப்பையும் வரவழைத்தேன். அதே நாலு வாக்கியம், அதே தேதி. "ரெண்டையும் பாத்துட்டீங்க. இனிமே சந்தேகப்படணும்னா நான்தான் மிச்சம்" என்றார் பூட்டு. அவரையும் சந்தேகப்பட்டாயிற்று என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் தேதி, நேர்காணல் முடிவு வந்த மூன்றாம் நாள். அன்று மதியம் அவர் என்னைப் போனில் மூன்று முறை அழைத்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் மூன்று முறையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல வருகிறார், அதைக் கேட்க நான் தயாரில்லை என்று நினைத்தேன். மறுநாள் அவர் என் அறை வாசலுக்கே வந்தபோது, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுத்த மாதம் நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டீர்கள்.

அவர் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அப்போதே எனக்குத் தெரியும். கணினிக் கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம்; ஆற்று நீர் முழுவதையும் ஒரே கட்டத்தில் கொட்டாமல் சுற்றியுள்ள பல கட்டங்களில் பரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அந்த வரியும் வேண்டாம். போனில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம். நேற்று அப்படித் திருத்தி ஓட்டிப் பார்த்தேன். மொத்த உப்பு அசையவில்லை. நாற்பதாவது வருஷத்துக்குப் பிறகு நீரோட்டம் வலு குறைகிறது. சுவர்களை உயர்த்தத்தான் வேண்டும்.

அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஒன்பது வருஷத்தில் வேறு ஒருவரைக் கேட்டிருக்கலாம். மறந்துவிட்டாரா, மறந்தது வசதியாக இருந்ததா, எனக்குத் தெரியாது. டேப் அதைச் சொல்லாது. டீ குடித்த மாலையையும் நான் மன்னிக்கவில்லை.

என் படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன். 'பிழை நேர்ந்த விதம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. தெரிந்தே, கவனக்குறைவால் என்று இரண்டு வழிதான் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்க வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை என்று எழுத அதில் இடமில்லை. எழுதினால் என் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தனித்தாளில் எழுதி இணைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் அவர் வாயால் ஒரு முறை கேட்க வேண்டும்.

விதிப்படி நான் விளக்கம் கேட்டு எழுதினால் அது ஆமாஞ்சாமி வழியாகப் போகும், பதிலும் அவர் எழுதியதாகத்தான் வரும். அது வேண்டாம். வியாழக்கிழமை முழுவதும் என் இடத்திலேயே இருப்பேன். சாப்பிடவும் வெளியே போகப்போவதில்லை. போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவர் கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

சொன்னாலும் பரவாயில்லை, அம்மா.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் அண்ணன்