கிட்டப் பிடித்தால் புள்ளி

அண்ணை,

உங்கள் கல்வெட்டு போன மாதம் தபாலில் வந்தது. உங்கள் மகன் கனடாவில் அச்சடித்து அனுப்பிய நினைவுப் புத்தகம். வழுவழுத்த தாள். இன்று மறுபடி எடுத்து மூக்கில் வைத்தேன், மை மணக்கவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடித்துக் கொடுத்த உங்களுக்கு மணமில்லாத கல்வெட்டு. ஆனால் முகம் கலரில், மீசை மயிரை எண்ணலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒளிக்க மாட்டேன்.

என் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனான். இருந்த ஒரே படத்தை உங்கள் கையில் தந்தேன். பட்டணத்துக்குக் கொண்டுபோய் துத்தநாகத் தகட்டில் அச்சுப் புளொக் செய்வித்து, அவன் கல்வெட்டை நீங்களே அடித்தீர்கள். முதல் தாளை வாங்கிக் கண்ணோடு வைத்துப் பார்த்தேன். முகமெல்லாம் கறுப்புப் புள்ளி.

"என்ரை பிள்ளைக்கு என்ன, அம்மாள் வருத்தம் போட்டுதோ?" என்று கத்தினேன்.

"மையிலை சாம்பல் நிறம் இல்லைத் தங்கச்சி. சின்னப் புள்ளி, பெரிய புள்ளி வைச்சுக் கண்ணை ஏமாத்திறதுதான் எங்கடை தொழில். கிட்டப் பிடியாதை."

தாளை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிக் கிணற்றுக் கட்டோடு போய் நின்றீர்கள். நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தீர்கள்.

"இப்ப தெரியுதோ?"

தெரிந்தான். கிணற்றுக் கப்பி விழுந்து வெட்டிய இடது புருவத் தழும்போடு தெரிந்தான். புளொக் செய்தவன் தழும்பை மறைக்கட்டோ என்று கேட்டானாம். "தாய் தேடுவாள், விடு" என்றீர்களாம்.

அந்தப் படத்தைத் திருப்பித் தரச்சொல்லி எத்தனை தரம் கேட்டேன்! "அச்சகத்து மேசை லாச்சியிலை பத்திரமாய்க் கிடக்கு" என்றீர்கள். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியபோது ஈய எழுத்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். படம் லாச்சியோடு போய்விட்டது. உங்களுக்கு ஈயம் வேண்டும், என் பிள்ளை வேண்டாம். அன்றோடு உங்களோடு கதைப்பதை விட்டேன். கனடாவுக்குப் போகும்போது வாசலில் வந்து நின்றீர்கள். நான் அடுப்படியை விட்டு வரவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை.

உங்கள் கலர் முகத்தைப் பார்த்த எரிச்சலில்தான் பிள்ளையின் கல்வெட்டைப் பண்டத்தரிப்புச் சந்திப் படக் கடைக்குப் பெரிதாக்கக் கொண்டுபோனேன். பெருப்பிக்கப் பெருப்பிக்கப் புள்ளிதான் பெருத்தது.

"யோசியாதேங்கோ அம்மம்மா, கொம்பியூட்டர் தானே நிரப்பிப்போடும்" என்றாள் கடைக்காரப் பெட்டை.

நிரப்பியது. படத்தில் சினிமாக்காரன் போல ஒருவன் வந்தான். தழும்பு இல்லை.

"உவன் ஆர்?" என்றேன்.

"உங்கடை மகன்தானே! நல்ல வடிவு."

என் மகள் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். தமையன் சாகும்போது அவளுக்கு மூன்று வயது. அவளுக்கு என்ன தெரியும்? வருகிற சனம் "அச்சொட்டாய் அவன்தான்" என்கிறது, அவனைக் கண்ணால் காணாத சனம். அவன் முகத்தை அறிந்தவர்களில் மிஞ்சியிருந்தது நீங்களும் நானும்தான். "உது அவனில்லை" என்று நீங்கள் உயிரோடிருந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பார்கள். என் சொல் கிழவியின் சொல்.

ஒரு வசவைக்கூட நாற்பது வருடம் மறவாதவள் நான். இப்போது கண்ணை மூடினால் சுவரில் இருப்பவன்தான் வருகிறான். பயந்துபோய்ப் பழைய கல்வெட்டை எடுக்கிறேன். கிட்டப் பிடித்தால் புள்ளி. கையை நீட்டினால் கை நடுங்குகிறது, புள்ளிகளும் சேர்ந்து நடுங்குகின்றன. நேற்றுக் கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்துவிட்டு நாலடி தள்ளி வந்து நின்றேன். காற்று அதைக் கவிழ்த்துவிட்டது.

நெஞ்சுக்கு நேரே பிடிக்க ஆளில்லை, அண்ணை.