மல்லி, இரண்டாம் தடவை

என் அன்பு அப்பாவுக்கு, சாப்பாட்டு மேசையில் விரலால் ஏழு தட்டிவிட்டு எட்டாவதைத் தட்டாமல் விடுகிறவருக்கு,

கோபிக்காதீர்கள். உங்கள் பெட்டியைத் திறந்துவிட்டேன். தையல் மெசினுக்குப் பின்னால் பழைய திரைச்சீலையில் சுற்றி வைத்திருந்தீர்களே, அதே பெட்டிதான். நீங்கள் இருந்தபோது நான் அந்தப் பக்கம் போனாலே, "சீஐடி வந்திட்டா" என்று சொல்லித் துரத்துவீர்கள். நீங்கள் போன பிறகு மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

உள்ளே ஆறு ஒலிநாடாச் சுருள்கள் இருந்தன. கல்யாணத்துக்கு முன் நீங்கள் ஒரு பாண்டில் கீபோர்ட் வாசித்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி உங்கள் வாயைக் கிண்டி ஒரு வார்த்தை எடுக்க முடிந்ததா? "அதெல்லாம் சும்மா சத்தம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துவிடுவீர்கள். சும்மா சத்தத்தை யாராவது நாற்பது வருடத்துக்கு மேல் திரைச்சீலையில் சுற்றி வைப்பார்களா அப்பா?

பழைய நாடாக்களைத் தேடியெடுத்து இசைத்தட்டாகப் போடும் கார்த்தி என்றொரு பிள்ளை கொள்ளுப்பிட்டியில் இருக்கிறான். அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டவனுக்கு மூச்சு வாங்கியது. "அன்ரி, இது ஜாஸும் ரொக்கும் கலந்த ஃபியூஷன். கொட்டாஞ்சேனையில, ஒரு கோயில் மண்டபத்தில, நாலு பேர் சேர்ந்து இப்பிடி வாசிச்சிருக்கினம் எண்டா ஆர் நம்புவினம்? இதை ஒரு அல்பமாப் போடுவம்."

நான் அந்த இசையின் தலையும் காலும் தெரியாதவள். அவன் கொடுத்த ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, எப்படியும் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவேன் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் உங்கள் குரல்: "எக்கய், தெக்கய், துனய்." வீட்டில் தமிழில் ஏசி, கோயிலில் லத்தீனில் பாடிய மனிதர், பாண்டில் சிங்களத்தில் எண்ணியிருக்கிறார்! பிறகு கீபோர்ட் தொடங்கியது. அது எங்கள் சாப்பாட்டு மேசை. சோறு வரும்வரைக்கும் நீங்கள் விரலால் தட்டுகிற அதே ஏழு. அம்மா "மேசையில தட்டாதேங்கோ" என்று சொன்னதும் நிற்குமே, அதேதான். நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டை இப்போதுதான் முழுதாகக் கேட்கிறேன் என்று அழுகை வந்துவிட்டது. கார்த்தி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தான்.

ஐந்து சுருள்களின் பெட்டிகளில் வெறும் இலக்கம்தான் எழுதியிருந்தீர்கள். ஆறாவதில் மட்டும் நீல மையில், தமிழில், "மல்லி, 2ஆம் தடவை".

அம்மாவின் பெயர் மல்லிகா. பிறகு கேட்க வேண்டுமா? பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்ர பேரில பாட்டுப் போட்டிருக்கிறார்" என்றார். அன்று பின்னேரமே மேல்மாடி அன்ரிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரியும். மீன்காரர் வந்து "அம்மா பேர்ல பாட்டுக் கேசட்டாம்" என்று என்னிடம் விசாரித்தார். அம்மா இப்போது முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டே அந்த இசையைப் போடச் சொல்லிக் கேட்கிறார். "மேசையில தட்டாதேங்கோ" என்று சொன்ன அதே அம்மாதான்.

ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். உங்கள் செத்தவீட்டில் மாமி எல்லோருக்கும் கேட்க ஒப்பாரியோடு சொன்னாரே, "இவ வந்துதான் என்ர தம்பியின்ர கையைக் கட்டினவ" என்று. அம்மாவின் அப்பா, வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதைக்கூடப் பொறுப்பேன், பாண்டுகாரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நின்றதும், நீங்கள் பாண்டை விட்டுவிட்டு வந்ததும் ஊரறிந்த கதை. உங்கள் மனதுக்குள் கோபம் இருந்ததா என்று அம்மா ஒருநாளும் உங்களிடம் கேட்கவில்லை. அவரது பெயரில் ஒரு பாட்டு இருந்தால், இனிக் கேட்கத் தேவையில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் சீஐடி அல்லவா? ஆறாவது சுருளை மூன்றாம் முறை கேட்டபோது, பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் உங்கள் குரல் கேட்டது. "மல்லி, ஹெமின்." தம்பி, மெதுவாக. சிங்களத்தில்!

ஒரு சிங்களச் சொல்லைத் தமிழில் எழுதி எங்களை இப்படி மாட்டிவிட்டீர்களே அப்பா.

கார்த்தியின் உதவியோடு உங்கள் ட்ரம்ஸ்காரரைக் கண்டுபிடித்தேன். சுனில் அங்கிள் கிருலப்பனையில் மகளோடு இருக்கிறார். பல் பாதி போய்விட்டது. ஆனால் மணிக்கட்டு இன்னும் சும்மா இருக்கவில்லை, கதைக்கும்போதே நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது சுருளின் பெட்டியைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் "மல்லி" என்று வாசித்ததும் அப்படிச் சிரித்தார்.

"அன்ரன் அய்யே எனக்குச் செஞ்சது, துவே. எனக்கு ஏழு பீட் எண்ணத் தெரியாது எண்டு பகிடி பண்ணுவார். பொறகு ஏழிலயே ஒண்டு செஞ்சி, இது மல்லிட டியூன் எண்டு சொன்னார்."

அவருக்கு நீங்கள் அய்யே, அண்ணன்; நான் துவே, மகள். அம்மாவின் கதையைச் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை, பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுப்பார் என்று. அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"அன்ரன் அய்யேட நோனாவுக்கு நான் என்ன சொல்ல? ஆனா இது என்ட, துவே. வேற ஒண்டிலயும் என்ட பேர் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அவர் கேட்டதில் என்ன பிழை? எழுந்து வரும்போது ஒன்றைக் கேட்டேன்: அப்பா ஏன் மெதுவாக வாசிக்கச் சொன்னார்? "தெரியாது. முதல் தடவை நல்ல வேகமாத்தான் அடிச்சோம். நடுவில ஆரோ வந்து கூப்பிட்டு அய்யே வெளிய போனார். திரும்பி வந்தவர் ஒண்டும் கதைக்கல்ல. ரெண்டாம் தடவை ஹெமின், ஹெமின் எண்டார். அதுக்குப் பொறகு அவர் வரவே இல்ல."

வெள்ளிக்கிழமை இசைத்தட்டின் அட்டை அச்சுக்குப் போகவேண்டும். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மிச்சக் குழம்பைச் சூடாக்கிக்கொண்டு, அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று தடுமாறினேன். "அம்மா, அந்த மல்லி..." என்று இழுத்தேன்.

"அது சுனிலெல்லே" என்றார் அம்மா.

கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"எனக்கென்ன காது செவிடோ? பத்து வருசம் சிங்களச் சனத்தோட ஒப்பீசில டைப் அடிச்சனான். மல்லி ஹெமின் எண்டது முதல்நாளே கேட்டது. உங்கட அப்பா என்னை ஒருநாளாவது மல்லி எண்டு கூப்பிட்டவரோ?"

"அப்ப ஏன் ஊரெல்லாம் சொன்னீங்கள்?"

"மற்றவை சொல்லுறதையே இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தனான், பிள்ளை. எனக்கும் சொல்ல ஒண்டு வேணுமே." அடுப்பை அவரே அணைத்தார். பிறகு, "பாட்டு முடிஞ்ச பிறகும் கேட்டனியோ?" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கார்த்தி இசை முடிந்த இடத்தோடு வெட்டித்தான் தந்திருந்தான். அம்மா சொன்னார்: அன்று மண்டபத்துக்கு வந்து உங்களைக் கூப்பிட்டது அம்மாவேதானாம். பாண்டா பெண்ணா என்று தன் அப்பா கேட்கச் சொன்னார் என்று வாசலில் வைத்துச் சொன்னாராம். நீங்கள் மறுமொழி சொல்லாமல் உள்ளே போய் வாசித்தீர்களாம். அம்மா கடைசி வாங்குப் பலகையில் இருந்தாராம். முடிந்ததும் எழும்பி வந்து ஒன்று சொன்னீர்களாம். "அப்பவும் அந்த நாடாச் சக்கரம் சுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் பாத்தனான்."

அடுத்த நாள் காலையிலேயே கார்த்தியிடம் ஓடினேன். வெட்டாத பிரதியைப் போட்டான். கடைசிச் சுரம் அடங்கிய பிறகு வெறும் இரைச்சல். யாரோ இருமுகிறார்கள். கதிரை தரையில் இழுபடுகிறது. காலடிச் சத்தம். பிறகு நீங்கள், கொஞ்சம் தூரத்தில்:

"இஞ்சேரும், தேத்தண்ணி குடிச்சனீரோ?"

ஒரு மெல்லிய இளம்பெண் குரல்: "ஓம்."

அவ்வளவுதான். நாடா முடிந்துவிட்டது.

கார்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நீங்கள் கொட்டாஞ்சேனைக்காரர், இஞ்சேரும் உங்கள் வீட்டுப் பேச்சில்லை. அது அம்மாவின் ஆட்கள் மனைவியைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சொல். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அதுவரைக்கும் மிஸ், மிஸ் எண்டு கூப்பிட்டவர். என்ர அப்பா ஓம் எண்டு சொல்லமுன்னமே இஞ்சேரும் எண்டிட்டார். அதுதான் அவற்ற மறுமொழி."

அப்பா, இப்போது கேட்கிறேன். இரண்டாம் தடவை வாசித்த அந்தப் பதினொரு நிமிடமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? உட்காரும்போதே முடிவு எடுத்துவிட்டீர்களா, வாசித்துக்கொண்டுதான் எடுத்தீர்களா? இதுதான் கடைசி என்று தெரிந்துதான், சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று, அந்த மனிதரை மெதுவாக அடிக்கச் சொன்னீர்களா? சாப்பாட்டு மேசையில் எட்டாவதைத் தட்டாமல் விட்டது எதற்காக? கோபம் இல்லாமலே ஒரு மனிதன் இவ்வளவு காலம் விரலால் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு மறுமொழி தெரியவில்லை. அம்மாவுக்கு இனித் தேவையில்லையாம்.

ஒரு செய்தி. நேற்று மேசையில் நான் அறியாமல் ஏழு தட்டியிருக்கிறேன். அம்மா நிறுத்தச் சொல்லவில்லை.

அட்டையில் பாட்டின் பெயர் "மல்லி". கீழே, சுனிலுக்காக என்று மூன்று மொழியிலும் இருக்கும். தட்டின் கடைசிப் பக்கத்தில் இசை முடிந்த பிறகு வருவதை வெட்டிவிடுவோம், கேட்கிறவர்களுக்குக் குழப்பம் என்றான் கார்த்தி. விடமாட்டேன் அப்பா. இருமலும் கதிரைச் சத்தமும் தேத்தண்ணியும் அம்மாவின் "ஓம்" என்பதும் அப்படியே இருக்கும், இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

வெள்ளவத்தையிலிருந்து,
நீங்கள் இஞ்சேரும் என்று கூப்பிட்டவரின் மகள்,
உங்கள் சீஐடி, ஜெசிந்தா