பட்டி வைத்த ஏழு இடங்கள்

அண்ணே,

மக்ரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும் முன் மகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, ஒளுக் கூடாது. பஞ்சில் அவள் ஊற்றிய திரவத்தின் வாசம் வீடு முழுக்கப் பரவியது. பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசம். அல் கூஸில் எங்கள் கார் ஒர்க்‌ஷாப்புக்கு நான் சாப்பாடு கொண்டுவரும்போது, பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் சட்டையிலிருந்து வருமே, அதே வாசம். லீவில் ஊருக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று போன் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நீங்கள் ‘பாய்’ என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரருக்கு முதுகு விழுந்து, ஒர்க்‌ஷாப்பில் வேலை படுத்துவிட்ட வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது விற்கிற மாதிரி எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாய் ஆசைக்கு வாங்கி மூலையில் நிறுத்தியிருந்த அந்தப் பழைய அமெரிக்க வண்டி. இரண்டே கதவு, கப்பல் மாதிரி முன்பக்கம், ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்துக் கடைத் தகரமெல்லாம் அதிரும். அது நல்ல விலைக்குப் போனால் மகள் பன்னிரண்டாவது வரை இங்கேயே படிப்பாள். போகாவிட்டால் நானும் அவளும் பாதிப் படிப்பில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பளிச்சென்று சிவப்பு அடித்துவிடுங்கள் என்றேன் நான். நீங்கள் கதவு ரப்பரைப் பிரித்து, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய நிறத்தைக் காட்டினீர்கள். கம்பெனியில் அடித்த நிறம் இதுதான், இன்ஜின் பக்கத்துத் தகட்டில் இருக்கிற எழுத்தும் இதைத்தான் சொல்கிறது என்றீர்கள். பழுப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம். பழைய வண்டி வாங்குகிறவன் பளபளப்புக்குக் காசு கொடுப்பதில்லை, பிறந்த நிறத்துக்குத்தான் கொடுப்பான், நிறத்தை மாற்றினால் விலை இறங்கும் என்று பாயிடம் பிடிவாதமாகச் சொன்னீர்கள். எனக்குக் கோபம். புளியாண ரசத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிற வண்டியை யார் வாங்குவார் என்று கிண்டல் செய்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் கவிச்சி தொடமாட்டீர்கள் என்பதால், அன்றைக்கு உங்களுக்கென்று நான் கொண்டுவருவதே புளியாணமும் சோறும்தான்.

“அதைத்தானே தங்கச்சி வாராவாரம் ரசிச்சுச் சாப்பிடறேன்” என்றீர்கள். பாய் வலியோடு சிரித்தார். அத்தோடு நிறம் முடிவாகிவிட்டது.

தேய்த்து, தகரம் வரைக்கும் இறக்கி, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரவி, பிரைமர் அடித்து, நிறம் ஏற்றி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெயில்பட நிறுத்தியபோது நான்தான் முதலில் ஓடிவந்து தொட்டேன். எங்கே பழுது இருந்தது என்று கையால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் நோட்டை எடுக்கச் சொன்னீர்கள். எங்கெங்கே பட்டி வைத்தேன் என்று சொல்கிறேன், இங்கிலீஷில் எழுதுங்கள், வாங்க வருகிறவர் கையில் கொடுக்கவேண்டும் என்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மகளின் பாடப்புத்தகத்தை வைத்து நானாகக் கற்ற இங்கிலீஷ். வீட்டுச் செலவு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, துரு தின்ற இடம், நெளிந்த இடம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாகப் பின்பக்க இடது மட்கார்டைச் சொன்னீர்கள். எப்போதோ மோதி, வெட்டி எடுத்து, வேறு தகரம் வைத்துப் பற்றவைத்த இடம்.

என் பேனா நின்றுவிட்டது. குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இல்லை, அந்தக் காசு தங்காது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த நிமிஷம் அவளுடைய ஃபீஸ் மட்டுமே கண்முன் நின்றது. எழுதாமல் நோட்டை மூடினேன்.

வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, இங்கிலீஷ் தெரியாத நீங்கள் பெயிண்ட் காய்ந்த விரல்களை மடக்கிக்கொண்டே வந்தீர்கள். ஒரு கை முடிந்தது. அடுத்த கையில் ஒரு விரல் மடங்கியதும் நான் நிறுத்திவிட்டேன்.

“ஏழு சொன்னேனே, தங்கச்சி.”

குரல் உயரவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தீர்கள். நான் நோட்டைத் திறந்து ஏழாவதை எழுதினேன்.

ராஸ் அல் கைமாவிலிருந்து வந்த அந்த அரபிப் பெரியவர், பெயிண்டின் கனம் பார்க்கும் மீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆஃபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நான் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். ஏழாவது இடத்தில் மீட்டரின் எண் தாவியது. அவர் தாளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். இதுவரை பார்த்த வண்டிகளில் எல்லாம் மீட்டர்தான் உண்மையைச் சொன்னது, ஆள் முந்திக்கொண்டு சொன்னது இங்கேதான் என்றார். விலையைக் கொஞ்சம் குறைத்தார். அந்த ஏழாவது இடத்துக்காக என்று சொல்லியே குறைத்தார். அப்படியும் மகளின் படிப்புக்குப் போதுமானதாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

தாளை எழுதியது யார் என்று அவர் கேட்டபோது, “எங்க தங்கச்சி” என்று இந்தியில் சொல்லி என் பக்கம் கைகாட்டினீர்கள். பாய்க்கு அப்படியொரு பெருமை. முதலில் நான் ஆறுதான் வாசித்தேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. வண்டியில் ஒரு குறையையும் மறைக்க விடாதவர், என்னுடையதை மட்டும் மூடிவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது எங்கள் கட்டடத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், சாமான் விற்க என்னைத்தான் விளம்பரம் எழுதச் சொல்கிறார்கள். கதவு ரப்பர் போன ஃபிரிட்ஜ் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏன் லாத்தா இப்படி, விலை இறங்குமே என்று கேட்பார்கள். இறங்கும்தான் என்பேன்.

இன்று தொழுது முடித்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொழுகை விரிப்பை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: “அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதானே உம்மா ஏழாவதை விட்டீங்க?”

ஆமாம் என்றேன். அது நான் மறைத்துவைத்த எட்டாவது இடம், அண்ணே. அதையும் எழுதிவிட்டேன்.