பொம்மைக்கு ஊதிய மூச்சு

இன்று காலை முழங்கால் வலிக்கு ஒரு வெந்நீர்ப் பை வாங்கினேன். மூடியைத் திறந்ததும் வந்த ரப்பர் வாசனையில் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மருந்துக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ போய் மூன்று வருடமாகிறதடி, சிநேகிதி; நாலு பேர் எதிரில் என் மானத்தை வாங்குவதை மட்டும் நீ இன்னும் நிறுத்தவில்லை.

எழுபதுகளின் நடுவில் நீ மருத்துவ மேற்படிப்பில் இருந்தாய். நான் தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு இதயம் நின்றுபோனால், டாக்டர் வரும்வரை வீட்டுப் பெண்களே நெஞ்சை அமுக்கி, வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடியுமா என்பது உன் ஆராய்ச்சி. "நம்மூர் லேடீஸ் இதெல்லாம் செய்ய மாட்டாங்க. ஒரு மாசம் பாரு, இல்லேன்னா வேற தலைப்பு எடு" என்று உன் பேராசிரியர் கெடு வைத்திருந்தார்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே? அப்பாவிடம் ஷோகேஸ் பொம்மை கேட்டாய். "கை ஒடஞ்சது ஒண்ணு கெடக்கு, தூக்கிட்டுப் போ தாயி" என்றார். அதன் மார்பை அறுத்து வெந்நீர்ப் பையை வைத்து, வாயிலிருந்து அதற்கு ஒரு குழாய் விட்டாய். ஊதினால் நெஞ்சு உயரும். அதைத் தூக்கிக்கொண்டு நாம் மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் மறித்தார்.

"இன்னாம்மா இது? மூச்சு கீதா? இருந்தா டிக்கெட்டு, இல்லாங்காட்டி லக்கேஜு."

"இனிமேதான் வரணும்" என்றாய், முகம் மாறாமல்.

மாதர் சங்கத்தில் மாமிகள் நெஞ்சை ஜோராக அமுக்கினார்கள். ஊதச் சொன்னதும்தான் வம்பு. டம்ளர் உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே பழகியவர்கள், பொம்மையின் வாய்க்கு ஒரு சாண் மேலேயே நிறுத்திக்கொண்டு ஊதினார்கள். "இந்த தூரத்துலேர்ந்து ஊதினா விளக்குதான் அணையும், மாமி" என்றாய். முன்வரிசை ஜானகி மாமி அசைந்து கொடுக்கவில்லை. "பொம்மையானாலும் எச்சில் எச்சில்தான்டி."

திரும்பும்போது பஸ்ஸில் நீ டிக்கெட்டின் பின்பக்கம் வேறு தலைப்புகளை எழுதி எழுதி அடித்துக்கொண்டு வந்தாய்.

அடுத்த வாரம் அப்பா ஷோகேஸ் விளக்கை மாற்றும்போது கரண்ட் அடித்துக் கீழே விழுந்தார். உடனே மெயினை அணைத்தார்கள். மூச்சில்லை, நாடியில்லை. யாரோ சோடாவுக்கு ஓடினார்கள். அத்தனை நாள் உன்னோடு சுற்றியும் நான் மரம் மாதிரி நின்றேன். புடவை பார்க்க வந்திருந்த ஜானகி மாமிதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஆத்துக்குப் போய்க் குளிச்சுக்கறேன், இப்போ நகருங்கோ!"

அப்பாவின் வாயில் வாயை வைத்து ஊதினாள், அமுக்கினாள், மறுபடி ஊதினாள். விக்கல் மாதிரி அப்பா ஒரு மூச்சு இழுத்தாரே, அந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்றுவரை எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அழுதுகொண்டே மாமியிடம், "எத்தனை தடவை ஊதினேள்?" என்று கேட்டாய்.

"எண்ணிண்டா இருப்பா? போடி!" என்றாள் மாமி.

ஆராய்ச்சி டைப் ஆகி வந்ததும் கடைக்கு எடுத்துவந்து, அதில் ஒரு வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாய். "ஜவுளி வியாபாரி, வயசு அம்பத்தி நாலு, பிழைத்தார்."

"நம்ம பேரு போடலியா தாயி?"

"பேர் போடக்கூடாது, மாமா."

"சரி, பொழச்சிட்டான்னு போட்டிருக்கேல்லா. அது போதும்."

அதற்குப் பிறகு இருபது தீபாவளிக்கு அவரே முன்னால் நின்று கடை திறந்தார். என் பெண்ணுக்குப் பெயர் வைத்தார். மாமிக்கு வருடம் தவறாமல் புடவை அனுப்பினார். உனக்கு மட்டும் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. சிநேகிதிக்குள் என்ன நன்றி என்று நானும் இருந்துவிட்டேன். அப்பாவோடு எனக்குக் கிடைத்த அந்த இருபது வருடத்தையும் உன் பேரில்தான் வைத்திருக்கிறேனடி.