யார் வீட்டுத் தெள்ளு

மதினி,

ஹட்டனில் பஸ் புறப்படுவதற்கு முன்னால் ஒருவர் ஏறி, "ஊசி, பின்னு, கண்ணாடி, பேன்சீப்பு" என்று கூவிக்கொண்டே வந்தார். பேன்சீப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா என் தலையை ஒரு பார்வை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். அது போதாதென்று நான் ஒன்றை வாங்கவும் செய்தேன். பச்சை நிறம், இரண்டு பக்கமும் நெருக்கமான பல். வீடு வந்து சேரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. குறுக்கே பேச நீங்கள் இல்லாததால் இந்தத் தடவையாவது சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

லயத்து வீட்டு வரிசையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாத சுவர். உங்கள் அடுப்பில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்முவோம். நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டால் அந்தப் பக்கமிருந்தே தீர்ப்புச் சொல்வீர்கள். "தம்பி சொல்லுறதுதான் சரி. நீ சும்மா இரு புள்ள." சொந்தத்தில் நீங்கள் எனக்கு மதினி இல்லை. கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த அன்று, "என்னைய மதினின்னே கூப்பிடு" என்று நீங்களே சொன்னீர்கள், கூப்பிட்டேன். அதற்குப் பிறகு சொந்தம் என்ன, இல்லாதது என்ன.

அண்ணன் இறந்து, மகனும் கொழும்பில் கடை வேலைக்குப் போனபிறகு உங்கள் வீட்டில் நீங்களும் நாயும்தான். நாய்க்கு மணி என்றுதான் முதலில் பேர். ஆனால் அது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நமக்கெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, பிந்தி வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். நம்மை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கண்டாக்கு ஐயாவும் அதைத்தான் செய்வார் என்பதால் நாய்க்கும் கண்டாக்கு என்றே பேர் வைத்துவிட்டீர்கள். அப்புறம் மணி என்று கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. என் வீட்டில் பூனை. வெள்ளைச்சி. அதைப் பற்றி நான் பேசிய பெருமை கொஞ்சமா?

அந்த வருஷம் மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் தெள்ளுப்பூச்சி கிளம்பியது. முதலில் பிள்ளைகளின் கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அப்புறம் பெரியவர்களுக்கு. மலையில் நிரை பிடித்து நிற்கிற பெண்கள் எல்லோரும் ஒரு கையால் கொழுந்து எடுத்து, மறு கையால் சொறிந்துகொண்டு நின்றோம். அது எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. என் வெள்ளைச்சி நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. உங்கள் கண்டாக்கு குப்பை கண்ட இடமெல்லாம் புரளும். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தோட்டத் தலைவரையும் லயத்து ஆட்களையும் கூட்டியது நான்தான். அங்கே நின்று பேசியதும் நான்தான். "இந்த நாயால எங்க புள்ளைங்க காலெல்லாம் புண்ணாப் போச்சுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள தெள்ளு போகணும். இல்லாட்டி நாய மரக்கறி லொறியில ஏத்தி நுவரெலியா மார்க்கெட்டுல எறக்கி விட்ருவோம்." லொறி ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரரின் கூட்டாளி என்பதால் பேச்சில் பலம் வேறு. எல்லோரும் தலையாட்டினார்கள். உங்கள் காலடியில் உட்கார்ந்து கண்டாக்கு பின்னங்காலால் காதைப் பறபறவென்று சொறிந்துகொண்டிருந்தது.

உங்கள் வாய்க்கு இந்த மலையே பயப்படும். அன்றைக்கு நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. "ஒரு வாரம் குடுத்திருக்கீங்க, பாக்குறேன்." சொல்லும்போது உங்கள் கை நாயின் தலையை விட்டு எடுபடவில்லை. எனக்கு அப்போது பாவமாக இல்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இதை எழுதுகிறபோது கூசுகிறது, ஆனாலும் இருந்தது இருந்ததுதான்.

அந்த ஒரு வாரம் நீங்கள் படுத்திய பாடு! யாரோ வேப்பிலை நல்லது என்றார்கள். இந்தக் குளிருக்கு இங்கே வேப்பமரம் ஏது? மகன் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு பை கொடுத்தனுப்பினான். பாதியை அவித்து நாயைக் கழுவினீர்கள். மீதி வாடிவிடக் கூடாது என்று கட்டாகக் கட்டி நிலையில் மாட்டினீர்கள். வாசலில் வேப்பிலை தொங்கினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று லயமே ஒதுங்கி நடந்தது. தலைவர் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து எட்டி நின்று கேட்டார்.

"யாருக்கும்மா ஆத்தா எறங்கியிருக்கா?"

நீங்கள் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தீர்கள். பாதிதான் காதில் விழுந்திருக்கும். வேப்பிலை யாருக்கு என்று கேட்கிறார் என்று நினைத்து, "கண்டாக்குக்குங்க!" என்று கத்தினீர்கள்.

மனிதர் வெலவெலத்துப் போனார். "ஐயாவுக்கா?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கண்டாக்கு ஐயாவுக்கு அம்மை என்று பேக்டரி வரைக்கும் செய்தி போய்விட்டது.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நாமெல்லாம் நிற்கிறோம். நீங்கள் நாய்க்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டு, "கண்டாக்கு, ஒழுங்கா நில்லு! ஒடம்பு பூரா தெள்ள வச்சுக்கிட்டு ஆட்டமா ஆடுற?" என்று அதட்டுகிறீர்கள். நிமிர்ந்தால், மேலே பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிஜக் கண்டாக்கு ஐயா நிற்கிறார்.

"எனக்கு அம்மைன்னு சொன்னது யாரு? இப்ப தெள்ளுமா?"

"ஐயா, நீங்க இல்லீங்க. இது நாய்க் கண்டாக்குங்க" என்றீர்கள், சவுக்காரக் கையால் கும்பிட்டபடி.

அவர் நாயைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றும் அவரால் முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபிறகு அவர் சொன்னதுதான் கதையையே மாற்றியது. "எங்க வீட்டு நாய்க்கும் இருந்திச்சு. ஹட்டன்ல மிருக டாக்டர்கிட்ட காட்டினேன். நாய் மேல இருக்குறது கொஞ்சந்தானாம். படுக்குற எடத்துலதான் முட்டையும் குஞ்சும் இருக்குமாம். வெள்ள சொக்ஸ் போட்டு வீட்டுக்குள்ள நடந்து பாருங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை லொறி வந்து நின்றுவிட்டது. நீங்கள் ஒரு ஜோடி வெள்ளை சொக்ஸை நீட்டிக்கொண்டு வந்தீர்கள். என் மகளிடமே இரவல் வாங்கிய பள்ளிக்கூட சொக்ஸ். "எல்லா வீட்டுலயும் நடந்து பாக்கணும். எங்க வீட்டுலதான் கூடுதலா இருந்துச்சுன்னா நானே நாய ஏத்தி விடுறேன்" என்றீர்கள். யார் நடப்பது என்று பேச்சு வந்தது. "குத்தஞ் சொன்ன புள்ளையே நடக்கட்டும்" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

முழங்கால் வரை இழுத்து மாட்டிக்கொண்டு முதலில் உங்கள் வீட்டுக்குள் போனேன். மூலை மூலையாக மிதித்தேன். நாய் படுக்கிற சாக்கில் ஏறி நின்று குதித்தேன். வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால் காலில் மூன்றோ நாலோ புள்ளி. எனக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் உள்ளே போனேன். கண்டாக்கு ஏதோ விளையாட்டு என்று வாலை ஆட்டிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றியது. திரும்பவும் அதே மூன்று நாலுதான்.

அடுத்தது என் வீடு. "எங்க வீட்டுல எதுக்குங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். "வரிசையில இருக்குல்ல?" என்றார் தலைவர். உள்ளே போய், பேருக்கு நடந்து, கட்டிலடியிலும் காலை விட்டு எடுத்தேன். வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கையும் பழைய கம்பளியையும் அங்கேதான் சுருட்டிப் போடுவேன். வெள்ளைச்சி படுக்கிற இடமும் அதுதான். வாசலுக்கு வந்ததும் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். என் மகள்தான் சொன்னாள். "அம்மா, சொக்ஸ் கறுப்பாயிருச்சு."

பூனை நக்குகிறது, ஆனால் கம்பளியை யார் நக்குவது? அந்தப் படங்கைத்தான் நான் தினமும் இடுப்பில் கட்டி மலைக்குக் கொண்டுபோனேன். நிரையில் நின்ற பெண்களுக்கெல்லாம் தெள்ளைப் பங்கு வைத்தவள் நானேதான்.

"அப்ப பூனையத்தான் லொறியில ஏத்தணும்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்களுக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்! ஒரு வாரமாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், அந்தச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"பூனை என்னா பண்ணுச்சு? ஏத்துறதுன்னா இந்தப் புள்ளையத்தான் ஏத்தணும். இவ வாய்க்கு மார்க்கெட்டுல நல்ல கிராக்கி இருக்கும்."

லயமே சிரித்தது. லொறிக்காரரும் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். நீங்கள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போயி அடுப்ப பத்த வை. தண்ணி கொதிக்கட்டும்" என்றீர்கள்.

அன்றைக்கு எல்லா வீட்டுக் கம்பளியும் படங்கும் சாக்கும் கொதிதண்ணீரில் விழுந்தன. பத்து நாள் நிம்மதியாக இருந்தோம். மறுபடியும் கடித்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். "முட்ட பொரிக்குது புள்ள. அது விடுதா, நம்ம விடுறதான்னு பாத்துருவோம்" என்று அடுத்த சட்டியை அடுப்பில் ஏற்றினீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய் மிருக டாக்டரிடம் பிடரியில் விடுகிற மருந்து வாங்கினீர்கள். நாய்க்கு ஒன்று, பூனைக்கு வேறொன்று. நாய் மருந்து பூனைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள், என்னமோ நான் மாற்றி விடுவதற்கே காத்திருந்த மாதிரி.

ஞாயிறு மத்தியானங்களில் வெயிலில் உட்கார்ந்து பேன்சீப்பால் வாரினோமே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் மடியில் கண்டாக்கு, என் மடியில் வெள்ளைச்சி, நடுவில் சவுக்காரத் தண்ணீர்க் கிண்ணம். தெள்ளு ஒழிந்து மாதக்கணக்கான பிறகும் வாரிக்கொண்டேதான் இருந்தோம். அந்த நேரத்தில் எத்தனை தடவை, "மதினி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்திருப்பேன். ஒரு தடவையாவது முடிக்க விட்டீர்களா? "சீப்ப இங்கிட்டுக் குடு புள்ள" என்று கையை நீட்டுவீர்கள். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ரொட்டி சுட்டு அனுப்பினேன். நீங்களும் அதைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு போதாது என்றீர்கள்.

அப்புறம் ஒரு நாள் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நடந்துதான் போனீர்கள். திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த அன்று உங்கள் மகன் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொழும்பில் அவன் இருக்கிற அறையில் நாய்க்கு இடமில்லை. "என்ன செய்யுறது அக்கா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள், "இது எங்க வீட்டு நாய்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச்சி ஒரு வாரம் சீறியது. இப்போது இரண்டும் ஒரே சாக்கில்தான் படுக்கின்றன. அந்தச் சாக்கை வாரம் தவறாமல் கொதிதண்ணீரில் போடுகிறேன்.

கண்டாக்குக்கு வயசாகிவிட்டது, மதினி. பின்னங்கால் சரியில்லை. பெரட்டுக்குப் போகும் ஆசை மட்டும் விடவில்லை. நம் லயத்துக் கல்படி அதற்கு ஏற முடிவதில்லை என்பதால் காலையில் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். "கண்டாக்கையே தூக்கிக்கிட்டுப் போறாளே, இவளுக்கு இன்னைக்கு லேசான மலைதான் கெடைக்கும்" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். நிஜக் கண்டாக்கு ஐயா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். நல்ல கனம். மூச்சு வாங்குகிறது. பாதிப்படியில் அது என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொள்ளும்போது, இதையா லொறியில் ஏற்றச் சொன்னேன் என்று இருக்கிறது.

நேற்று அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது என் கழுத்தில் சுருக்கென்று ஏதோ கடித்தது. பின்னால் வந்தவள், "என்னாக்கா, கண்டாக்கு தெள்ளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இவன் மேல் ஒரு தெள்ளு இருந்தாலும் அது என் வீட்டுத் தெள்ளுதான், மதினி. அன்றைக்கும் அப்படித்தான்.